கோழிக்கறியில் சால்மொனெல்லா தேடுவது: கடையிலிருந்து முடிவு வரை முழுமையான வழிகாட்டி

கால்நடை மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரத் துறைக்கு வரும் முதுநிலை மாணவர்களில் பலருக்கு முதல் ஆய்வு வேலை இதுதான்: கடையில் விற்கும் பிராய்லர் கறியில், உணவு வழியாக வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. முறை ஒன்றும் ரகசியம் இல்லை. ஐஎஸ்ஓ 6579-1 என்ற சர்வதேசத் தரநிலையின் 2017 பதிப்பில் படிப்படியாக எழுதியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தடுமாறுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்த வரியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது படிக்கும்போது தெரிவதில்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இருக்கிறது" என்று சொல்வது சுலபம், தட்டில் வளர்ந்த கிருமித் திட்டு, அதாவது காலனி, கையில் இருக்கும். "இல்லை" என்று எழுதுவதற்குத்தான் நிறைய ஆதாரம் வேண்டும். எந்தப் படியிலும் கிருமியை நாமே கொன்றுவிடவில்லை என்று காட்டியாக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. ஊடகத்துக்கு (கிருமி வளர்க்கும் குழம்பு, அகார்) முன்னால் காலண்டர்

ஒரு மாதிரி கைக்கு வந்ததிலிருந்து உறுதியான முடிவு வர ஆறு நாள் ஆகும். திங்கள் முன்செறிவூட்டல் (சத்து நீரில் கிருமியைத் தேறவிடுவது), செவ்வாய் தேர்வுச் செறிவூட்டல் (மற்ற கிருமிகளை அமுக்கும் குழம்பில் வளர்ப்பது), புதன் தட்டில் இழுப்பு (குழம்பை அகார் தட்டில் கம்பியால் தேய்ப்பது), வியாழன் காலனி பார்த்துத் தூய்மைப்படுத்தல், வெள்ளி உயிர்வேதிச் சோதனைகள், சனி அவற்றைப் படித்து சீரம் சோதனை (எதிர்ப்பொருள் உள்ள சீரத்தில் கிருமி திரள்கிறதா என்று பார்ப்பது). திங்கள் தொடங்கினால் எல்லாம் வாரத்துக்குள் முடிந்துவிடும். செவ்வாய் தொடங்கினால் ட்யூப்களைப் படிக்க வேண்டிய நாள் ஞாயிறு. "திங்கள் காலை பார்த்துக்கலாம்" என்று விட்டால் 24 மணி நேரத்தில் படிக்க வேண்டியது 48 ஆகி, நிறங்கள் மாறிவிடும்.

மணிக்கணக்கும் முக்கியம். முன்செறிவூட்டலுக்கு 16 முதல் 20 மணி நேரம். மாலை 4 மணிக்கு இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் காலை 8 முதல் 12 மணிக்குள் எடுக்கலாம். காலை 11 மணிக்கே வைத்துவிட்டால் நேரம் நள்ளிரவு தாண்டி முடியும், அப்போது அங்கே யாரும் இருக்கப்போவதில்லை. ஆகவே காலையில் கடை, மதியம் எடை போடுவது, மாலை இன்குபேட்டர்.

இன்குபேட்டர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். உள்ளே உச்ச–நீச வெப்பமானி ஒன்று வையுங்கள். இரவில் மின்சாரம் போய் வந்ததை முகப்பில் தெரியும் எண் காட்டாது, வெப்பமானி காட்டும்.

2. எத்தனை மாதிரி?

"நூறு எடுத்துக்கலாமா?" என்றுதான் பெரும்பாலும் கேள்வி வரும். நூறு என்பது முழு எண்ணாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. பரவல் எவ்வளவு இருக்கும் என்று முந்தைய ஆய்வுகளிலிருந்து ஒரு மதிப்பீடு எடுங்கள். 95 சதவீத நம்பகத்தன்மையில், 5 சதவீதப் பிழை எல்லையோடு, பரவல் 10 சதவீதம் என்று கொண்டால் 139 மாதிரிகள் வேண்டும். எந்த மதிப்பீடும் கையில் இல்லையென்றால் 50 சதவீதம் என்று வைக்க வேண்டும், அப்போது 385.

இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதிரியும் தனித்தனி என்று கருதுகிறது. ஒரே கடையில் ஒரே காலையில் வாங்கிய பத்துத் துண்டுகள் பத்து மாதிரி ஆகாது. ஒரே கட்டை, ஒரே கத்தி, ஒரே வாளித் தண்ணீர். ஒரு கடைக்கு ஒரு முறை போனால் ஒரு மாதிரி மட்டும் எடுங்கள்.

ஆண்டு முழுக்க எடுக்கும் ஆய்வு என்றால் புரட்டாசியைத் தனியாகக் குறித்து வையுங்கள். பல வீடுகளில் அந்த மாதம் கறி எடுப்பதில்லை. விற்பனை குறைந்தால் கோழி கூண்டில் நிற்கும் நேரமும் மாறலாம். பின்னால் பருவகால வித்தியாசம் என்று எழுதும்போது அது மழையா, வியாபாரமா என்று பிரித்துச் சொல்ல இந்தக் குறிப்பு வேண்டும்.

3. ஊடகங்கள்: எதை ஆட்டோகிளேவ் செய்யக் கூடாது

புதியவர்கள் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடம் போட்டுவிடுவார்கள். பல நாள் உழைப்பு இங்கேயே வீணாகிறது.

முன்செறிவூட்டலுக்கான சத்து நீரான பஃபர்டு பெப்டோன் வாட்டரை அப்படிச் செய்யலாம். குளிர்ந்த பிறகு 25 டிகிரியில் பிஎச் 7.0 அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கொதியில் கொஞ்சம் ஆவியாகிப் போகும் என்பதால், 225 மி.லி.யை ஆட்டோகிளேவ் முடிந்த பிறகு அளந்து ஊற்றுவது பத்திரம்.

தேர்வுச் செறிவூட்டலுக்கு இரண்டு குழம்புகள். முதலாவதான ஆர்விஎஸ் (ராப்பபோர்ட்-வாசிலியாடிஸ் சோயா) குழம்புக்கு 115 டிகிரி, 15 நிமிடம். அதில் இருப்பவை மலக்கைட் கிரீனும் நிறைய மெக்னீசியம் குளோரைடும், பிஎச் 5.2. மற்ற குடல் கிருமிகளை அமுக்கிவிட்டு சால்மொனெல்லாவை மட்டும் மேலே வரவிடும் சமநிலை அது. அதிக வெப்பம் அந்தச் சமநிலையைக் கெடுக்கும்.

இரண்டாவதான எம்கேடிடிஎன் (முல்லர்-காஃப்மன் டெட்ராதயோனேட் நோவோபயோசின்) குழம்பை ஆட்டோகிளேவ் செய்யவே கூடாது. அடிப்படைக் குழம்பைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அயோடின் கரைசலையும் நோவோபயோசினையும் பயன்படுத்தும் நாளில் சேருங்கள். அயோடின் தயோசல்ஃபேட்டோடு சேர்ந்து உருவாக்கும் டெட்ராதயோனேட்தான் இங்கே வேலை செய்கிறது. முன்கூட்டியே கலந்து வைத்தால் அது பலவீனமாகிவிடும். அடியில் வெள்ளையாக வண்டல் நிற்கும், அது கால்சியம் கார்பனேட். கெட்டுப்போய்விட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். நன்றாகக் கலக்கிய பிறகு ட்யூப்களில் பிரியுங்கள்.

தட்டில் ஊற்றும் எக்ஸ்எல்டி (சைலோஸ் லைசின் டீஆக்ஸிகோலேட்) அகாரையும் கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கூடுதல் சூடு காட்டினால் வீழ்படிவு வரும், காலனியின் கறுப்பு மையம் சரியாகத் தெரியாது. ஊற்றிய தட்டின் மேல் ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். ஈரத்தட்டில் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும்.

4. மூன்று கன்ட்ரோல் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

கன்ட்ரோல் என்பது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு ட்யூப். முதலாவது, தெரிந்த சால்மொனெல்லா. ஏடிசிசி (அமெரிக்கக் கிருமிச் சேகரிப்பகம்) 14028 டைஃபிமுரியம் பல ஆய்வகங்களில் இருக்கும். இரண்டாவது, ஈ. கோலை, ஏடிசிசி 25922. தேர்வுக் குழம்பில் அது அடங்கிக் கிடக்க வேண்டும், எக்ஸ்எல்டியில் வளர்ந்தால் மஞ்சளாக இருக்க வேண்டும். மூன்றாவது, கறி எதுவும் சேர்க்காத வெறும் பெப்டோன் வாட்டர். மாதிரிகளோடு சேர்ந்தே எல்லாப் படிகளையும் அதுவும் கடக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை எங்கள் மாதிரிகள் வரிசையாகப் பாசிட்டிவாக வந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். நான் வெறும் பெப்டோன் ட்யூபின் தட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கறுப்பு மையக் காலனி. கன்ட்ரோல் கிருமியைத் திறந்த அதே பிப்பெட்டால் மாதிரிகளையும் தொட்டிருந்தோம். அந்த வாரம் முழுதையும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அந்த ஒரு ட்யூப் இல்லாதிருந்தால் அந்த எண்கள் ஆய்வேட்டில் போயிருக்கும். அதனால் எப்போதும் மாதிரிகளை முடித்துவிட்டு, கடைசியாகக் கன்ட்ரோலைத் திறங்கள். முடிந்தால் உள்ளூர்க் கோழியில் அரிதான செரோவார் (சீரம் சோதனையால் பிரித்தறியும் சால்மொனெல்லா வகை) ஒன்றைக் கன்ட்ரோலாக வையுங்கள். சிந்தினாலும் யாருடையது என்று கண்டுபிடிக்கலாம்.

5. கடையில்

சாதாரண வாடிக்கையாளராகப் போய் வாங்குங்கள். "அண்ணே, கழுவ வேண்டாம், எப்பவும் வெட்டுற மாதிரியே வெட்டி இந்தக் கவர்ல போடுங்க" என்றால் போதும். ஆய்வுக்கு என்று முன்கூட்டிச் சொன்னால் அந்த ஒரு கோழிக்கு மட்டும் கட்டையைக் கழுவுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அதற்குப் பதிலாகக் கடையின் பெயர் எங்கேயும் வெளிவராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. ஆரம்பத்திலேயே குறியீட்டு எண் கொடுத்துவிடுங்கள்.

கழுத்துத் தோல் கிடைத்தால் நல்லது. கோழி தலைகீழாகத் தொங்கும்போது வடிகிற தண்ணீரும் ரத்தமும் அங்கேதான் சேர்கின்றன. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் தோலை உரித்துத்தான் தருகிறார்கள். அப்போது மார்பு, தொடை என்று எதை எடுத்தாலும் எல்லா மாதிரிக்கும் அதையே எடுங்கள். தோலோடு வாட்டி மஞ்சள் தடவித் தரும் கடைகளும் உண்டு. நெருப்பு பட்ட மேற்பரப்பில் கிருமி எண்ணிக்கை வேறு மாதிரி இருக்கும். அவற்றைத் தனி வகையாகக் குறியுங்கள், மற்றதோடு கலக்க வேண்டாம்.

இன்னும் சில விஷயங்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: வெட்டிய நேரம், இறகு நீக்கியது கையாலா மெஷினிலா, கட்டை மரமா பிளாஸ்டிக்கா, கூண்டு கட்டைக்கு எவ்வளவு பக்கத்தில். பாசிட்டிவ் வந்த பிறகு "ஏன்" என்று கேட்டால் பதில் இந்தக் குறிப்பில்தான் கிடைக்கும். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாக் கடையும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

கழுவும் வாளித் தண்ணீரையும் எடுப்பது என்றால், புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் முன்பே போட்டு ஆட்டோகிளேவ் செய்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால், நீங்கள் கல்லூரி வந்து சேரும் வழியிலேயே அது கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வரும். வாளியில் கை விடும் அந்த நொடியில் அது சுத்தமாக இருந்ததா என்பதற்கு விடை கிடைக்காது.

கறியை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் கவரை நேராகத் தொடக் கூடாது, உறையவும் கூடாது. உறைந்தால் செல்கள் காயப்படும், எண்ணிக்கை குறைவாக இருக்கும் மாதிரியில் அதுவே நெகட்டிவ் ஆக்கிவிடும். அன்றைக்கே சோதனையைத் தொடங்குங்கள்.

6. முதல் நாள்: 25 கிராம், 225 மி.லி.

இந்த வேலை உயிரியல் பாதுகாப்பு இரண்டாம் நிலையில், வகுப்பு 2 கேபினெட்டில் நடக்க வேண்டும். கையுறை, கோட்டு எல்லாம் சொல்லத் தேவையில்லை. பச்சைக் கறி வெட்டும் கத்தரிக்கோலை மாதிரிக்கு மாதிரி மாற்றுங்கள்.

கவரின் வெவ்வேறு இடங்களிலிருந்து சின்னத் துண்டுகளாக எடுத்து 25 கிராம் சேருங்கள். எலும்பை நீக்குங்கள். எலும்பு முனை ஸ்டொமாக்கர் (பையில் வைத்து அடித்துக் கலக்கும் மெஷின்) பையைக் கிழித்துவிட்டால் 225 மி.லி. கறித் தண்ணீர் மெஷினுக்குள் போகும், அன்றைய வேலை துடைப்பதிலேயே போய்விடும். எலும்போடுதான் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பை போடுங்கள்.

பெப்டோன் வாட்டர் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 225 மி.லி. 37 டிகிரிக்கு வரப் பல மணி நேரம் ஆகும். உங்கள் 18 மணிக் கணக்கில் அது திருட்டுப்போன நேரம். ஒரு நிமிடம் கலக்கி, 34 முதல் 38 டிகிரியில் வையுங்கள்.

ஏன் நேராகத் தேர்வுக் குழம்புக்குப் போகக் கூடாது? குளிர், உலர்வு, குளோரின் எல்லாம் பட்டு கறியில் இருக்கும் சால்மொனெல்லா காயப்பட்டிருக்கும். மலக்கைட் கிரீனும் அயோடினும் நிறைந்த குழம்பில் போட்டால் அது செத்துவிடும். இந்த ஒரு இரவு அது தேறி எழுந்துகொள்வதற்கான நேரம். "நேரம் இல்லை, 6 மணி நேரம் போதும்" என்று குறைத்தால் இழப்பது அந்தப் பலவீனமான செல்களைத்தான்.

7. இரண்டாம் நாள்: 0.1 ஒன்றில், 1 மற்றொன்றில்

ஆர்விஎஸ் 10 மி.லி.க்கு 0.1 மி.லி., 41.5 டிகிரி. எம்கேடிடிஎன் 10 மி.லி.க்கு 1 மி.லி., 37 டிகிரி. இரண்டும் 24 மணி நேரம்.

இந்த இரண்டு அளவையும் மாற்றிப் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. ஆர்விஎஸ்ஸில் 1 மி.லி. போட்டால் பெப்டோனும் கறிச்சாறும் அதன் தேர்வுத்திறனைத் தளர்த்திவிடும், ஈ. கோலையும் புரோட்டியஸும் எழுந்துவிடும். நான் ட்யூப் ரேக்குகளின் மேல் "0.1" என்றும் "1" என்றும் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

41.5 என்றால் 41.5. வாட்டர் பாத் 43க்கு மேல் ஏறினால் சால்மொனெல்லாவே தடுமாறும். 37க்கு இறங்கினால் மற்ற கிருமிகள் போட்டிக்கு வரும். குழம்பு கலங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதை வைத்து முடிவு எடுக்கவும் வேண்டாம். தெளிவாக இருக்கும் ட்யூபையும் தட்டில் இழுத்தாக வேண்டும்.

8. மூன்றாம், நான்காம் நாள்: தட்டில் இழுத்து, காலனியைப் படித்தல்

ஒவ்வொரு குழம்பிலிருந்தும் எக்ஸ்எல்டியில் ஒரு தட்டு, வேறு கொள்கையில் வேலை செய்யும் இரண்டாவது ஊடகத்தில் ஒரு தட்டு. பிரில்லியன்ட் கிரீன் அகார் நல்ல துணை. ஒரு மாதிரிக்கு நான்கு தட்டு ஆகும். செலவைக் குறைக்க இரண்டாவது ஊடகத்தை விட்டுவிட்டால், ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியிடாத சால்மொனெல்லாவை எக்ஸ்எல்டியில் எளிதில் தவறவிடுவீர்கள்.

எக்ஸ்எல்டியில் நடப்பதைப் புரிந்துகொண்டால் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சால்மொனெல்லா முதலில் சைலோஸைப் புளிக்கவைக்கும், அமிலம் வரும். அது தீர்ந்ததும் லைசினை உடைக்கும், காரம் வரும், தட்டு மறுபடி சிவப்பாகும். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து மையத்தைக் கறுப்பாக்கும். ஆகவே சிவப்பில் கறுப்பு மையம். சிட்ரோபேக்டர் கறுப்பைக் காட்டும், ஆனால் லாக்டோஸைப் புளிக்கவைப்பதால் சுற்றிலும் மஞ்சள். புரோட்டியஸும் கறுப்பு மையம் காட்டலாம். கோழிக்கறியில் உங்களை ஏமாற்றுவது பெரும்பாலும் அதுதான். கறுப்பே இல்லாத, மையம் சற்று அடர்ந்த இளஞ்சிவப்புக் காலனியையும் சந்தேகத்தில் வையுங்கள்.

"கறுப்பு வந்துடுச்சு, பாசிட்டிவ்" என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். இந்த நிலையில் அது சந்தேகக் காலனி மட்டுமே. ஒன்றை எடுத்து நியூட்ரியன்ட் அகாரில் தூய்மைப்படுத்துங்கள். அது இறுதியில் சால்மொனெல்லா இல்லை என்று வந்தால், அதே மாதிரியின் தட்டுகளிலிருந்து இன்னும் நான்கு காலனி வரை பார்க்க வேண்டும். அதனால் தட்டுகளை ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் காலனி எடுத்த கையோடு தட்டைக் கழுவப் போட்டுவிட்டு, பிறகு தேடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள்.

9. ஐந்தாம், ஆறாம் நாள்: உறுதிப்படுத்தல்

டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரையும் இரும்பும் உள்ள அகார்), யூரியா, லைசின் மூன்று சோதனைகளும் அவசியம். மூன்றுக்கும் நியூட்ரியன்ட் அகாரிலிருந்துதான் எடுக்க வேண்டும். எக்ஸ்எல்டி காலனியின் அடியில், அமுங்கிக் கிடக்கும் வேறு கிருமி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும்.

டிஎஸ்ஐ ட்யூபில் அடிப்பகுதி மஞ்சள், சரிவு சிவப்பு, நடுவில் கறுப்பு, பெரும்பாலும் வாயு வெடிப்பும். மூடியை இறுக்க வேண்டாம், காற்று போகாவிட்டால் சரிவு சிவப்பாகத் திரும்பாது. யூரியா நிறம் மாறக் கூடாது. அடர் இளஞ்சிவப்பு ஆனால் பெரும்பாலும் புரோட்டியஸ். லைசின் ட்யூப் முதலில் மஞ்சளாகிப் பிறகு ஊதாவாகும். சில மணி நேரத்திலேயே பார்த்து நெகட்டிவ் என்று எழுதினால் நல்ல காலனியை இழப்பீர்கள். முழு 24 மணி நேரம் விடுங்கள்.

சீரம் சோதனைக்கு முன் ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புநீரில் மட்டும் காலனியைக் கலந்து பாருங்கள். அதிலேயே திரண்டால் அந்தக் கிருமியை இந்தச் சோதனையில் படிக்க முடியாது. திரளவில்லையென்றால் பலவகை ஓ சீரம் (செல் மேற்பரப்பை அறிவது), அப்புறம் பலவகை எச் சீரம் (கிருமி நீந்த உதவும் கசையிழையை அறிவது).

கால்நடை மருத்துவர்களுக்கு இங்கே ஒரு சிறப்புக் கவனம் தேவை. கோழிகளையே தாக்கும் கல்லினாரம், புல்லோரம் என்ற இரண்டு சால்மொனெல்லா வகைகளுக்கும் கசையிழை கிடையாது. எச் சீரத்தில் திரளாது, டிஎஸ்ஐயில் கறுப்பும் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கலாம். ஓ பாசிட்டிவ், எச் நெகட்டிவ் என்று வந்தால் தூக்கிப் போடாமல் அசைவுச் சோதனை செய்யுங்கள்.

பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் முறை) வசதி இருந்தால் சால்மொனெல்லாவின் இன்விஏ மரபணுவில் 284 பேஸ் ஜோடி நீளமுள்ள பட்டை வருகிறதா என்று பாருங்கள். அதிலும் டிஎன்ஏ சேர்க்காத ஒரு ட்யூப் கட்டாயம். முழு செரோவார் அறிய வேண்டுமென்றால் இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் கால்நடைகளுக்கான தேசிய சால்மொனெல்லா மையம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் தூய்மையை இன்னொரு முறை சரிபாருங்கள்.

10. மருந்து எதிர்ப்புச் சோதனை சேர்த்தால்

மெக்ஃபார்லண்ட் 0.5 (கலங்கல் அளவுகோல்) அளவுக்குக் கிருமிக் கலங்கலைத் தயாரித்த 15 நிமிடத்துக்குள் முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் தடவி, மேலே மருந்து வில்லைகளை வையுங்கள். அகாரின் தடிமன் 4 மி.மீ. தடிமன் கூடினால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சுருங்கும், எதிர்ப்பு இல்லாததும் எதிர்ப்பாகத் தெரியும்.

இங்கே மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜென்டாமைசினும் முதல், இரண்டாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் தட்டில் வட்டம் காட்டினாலும், சால்மொனெல்லாவுக்கு அவற்றை "பயன்படும்" என்று அறிக்கையில் எழுதக் கூடாது. உடலுக்குள் அவை வேலை செய்வதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பு லேசாகத் தொடங்கியிருப்பதைப் பிடிக்க பெஃப்ளாக்சசின் வில்லை உதவும். கொலிஸ்டினை வில்லையில் பார்க்கவே கூடாது. மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு நுண்குழம்பு நீர்த்தல் முறை (மருந்தைப் படிப்படியாக நீர்த்த குழம்பில் வளர்த்துப் பார்ப்பது) வேண்டும். 2019இல் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளிலும் தீவனத்திலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. தடைக்குப் பிறகு நிலைமை என்ன என்று கேட்கிற ஆய்வில் தவறான முறையில் எடுத்த எண் ஒன்று நுழைந்தால், அதை நம்பி அடுத்தவர் எழுதுவார்.

11. கழிவும் சேமிப்பும்

எல்லாத் தட்டுகளும் ட்யூப்களும் மிச்சக் கறியும் ஆட்டோகிளேவ் ஆன பிறகுதான் அறையை விட்டு வெளியே போக வேண்டும். தெருநாய் எட்டும் தொட்டியில் மிச்சக் கறி கிடந்ததை ஒருமுறை பார்த்துப் பதறிப்போனேன். கேபினெட்டை ஹைப்போகுளோரைட்டால் துடைத்து, 10 நிமிடமாவது ஊறவிட்டு, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். ஹைப்போவை அப்படியே விட்டால் ஸ்டீல் அரிக்கும்.

உறுதியான ஒவ்வொரு கிருமியையும் 20 சதவீத கிளிசராலில் இரண்டு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குப்பி ஒரு ஃப்ரீசரில், மற்றது வேறொரு ஃப்ரீசரில். எழுதும் பேனா ஆல்கஹாலில் அழியாததா என்று முன்பே ஒரு குப்பியில் தடவிப் பாருங்கள்.

நெகட்டிவ் மாதிரிகளின் பக்கத்தையும் நோட்டில் முழுதாக நிரப்புங்கள்: அன்றைய இன்குபேட்டரின் உச்ச–நீச வெப்பம், ஊடகத்தின் தொகுதி எண், மூன்று கன்ட்ரோலும் எப்படி வந்தன. அந்த மூன்றும் சரியாக வந்த வாரத்தின் நெகட்டிவை மட்டும் அட்டவணையில் சேருங்கள். மற்ற வாரங்களுக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.